இன்செயின் மூன்று தடவை

ரங்கூன் வட்ட ரயிலுக்கு
இருநூறு கியாட் சீட்டு.
எங்கே இறங்கணும் என்று கேட்டோம்.
கொடுத்தவர் விரலால்
காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

ஜப்பானில் ஓடிக் களைத்த பெட்டி.
கதவின் மேல் யாருக்கும் புரியாத
ஜப்பானிய எச்சரிக்கை. அதன் கீழே
காடை முட்டை உரித்துக்கொண்டே வருகிறாள் ஒருத்தி.
ஜன்னலோரம் அருமைநாயகம்
நிலையத்துக்கு நிலையம் பெயரை
நோட்டில் ஏற்றிக்கொண்டு வந்தார்.
துறைமுகக் கணக்குப் பிரிவில் இருபத்தாறு வருஷம்,
விடுமுறைக்கும் பேரேடு வேண்டும்.

டன்யின்கோனில்
தண்டவாளத்தை ஒட்டியே சந்தை.
"ஏய், புளிச்சக்கீரை! நம்ம ஊர் புளிச்சக்கீரை!"
நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு குதித்தார்.
நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.
சொல்வதற்குள் ரயில் நகர்ந்தது,
அவ்வளவுதான்.

பாஸ்போர்ட் இரண்டும் என் பையில்.
பணம், சர்க்கரை மாத்திரை, அவர் மூக்குக்கண்ணாடி எல்லாம்.
அவரிடம் கீரைக்கு எடுத்த சில்லறை.
எதிரே இளஞ்சிவப்பு உடையில் ஒரு பிக்குணி
என் முகத்தைப் பார்த்துவிட்டு
காற்றில் அதே வட்டத்தைப் போட்டாள்.
அழுகை வரவேண்டிய இடத்தில்
எனக்குச் சிரிப்பு வந்தது.

அவர் சூடு இன்னும் ஆறாத
ஜன்னலோரத்துக்கு நகர்ந்தேன்.
கல்யாணமான நாளிலிருந்து அது அவர் இடம்.
தண்ணீர்க் கீரைப் பாத்திகள்,
பிரம்புப் பந்தைக் காலால் எத்தும் பையன்கள்,
எருமை, மறுபடி எருமை.
எழுதிக்கொள்ள நோட்டு இல்லை.
பார்த்தேன்.

பசுண்டாங் அருகே
எதிர் ரயில் உரசுகிற மாதிரி வந்து மெதுவானது.
மூன்றாவது ஜன்னலில் அவர்.
மடியில் கீரைக்கட்டு, கைக்குழந்தை போல.
"தங்கபுஷ்பம்!"
ஒரு வார்த்தைக்குத்தான் நேரம்.
இறங்குங்க என்றுதான் வாயெடுத்தேன்.
"உட்காருங்க! சுத்தி வாங்க!"
என்று வந்து விழுந்தது.
தலையாட்டினார்.
நான் சொல்லி அவர் கேட்ட முதல் விஷயம்.

மூன்று மணி நேரம்.

சூலே பகோடாவின் காலடியில்
கைரேகைக்காரன் கூப்பிட்டான்,
கையை நீட்டாமல் நடந்தேன்.
காளி கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து
மாதா கோயில்காரி நானும்
வாசலில் ஒரு கும்பிடு.
பட்டாணி வைத்த தோசைக்கு
"இன்னொண்ணு" என்றேன்.
பையன் பர்மிய மொழியில் ஏதோ சொன்னான்,
தோசை வந்தது.
படகுத்துறையில் கடற்காக்கைகள்
பொரியை அந்தரத்திலேயே கவ்வின.
ஒரு பொட்டலம் முடிந்ததும் இன்னொன்று வாங்கினேன்.
பொரிக்காரி என் கன்னத்தில்
தனாகா குழைத்துப் பூசிவிட்டாள்,
சந்தனம் மாதிரி, ஆனால் சந்தனமில்லை.

நடைமேடைக் குழாயில் கழுவினேன்.
காதோரம் கொஞ்சம் விட்டுவைத்தேன்.

இரண்டரைக்கு வந்து இறங்கினார்.
"ரொம்பப் பயந்துட்டியா?"
"இந்தப் பெஞ்சிலேயேதான் இருந்தேன்."
நோட்டைப் பெருமையாகக் காட்டினார்.
ஒரு நிலையம் விடவில்லை,
இன்செயின் மட்டும் மூன்று தடவை.
காதோரத்தை அவர் பார்க்கவில்லை.

இப்போது ஓட்டல் முகக்கழுவியில்
மிதக்கிறது புளிச்சக்கீரை.
அடுப்பில்லை, சட்டியில்லை, ஒரு வற்றல் மிளகாய் இல்லை.
நாளைக்கு எங்கே என்கிறார்.
பேகோவுக்கு ரயில் இருக்கிறதாம் என்றேன்.
வழியில் சந்தை ஏதும் வருமா என்று
வரவேற்பறைப் பெண்ணிடம்
நானே போய்க் கேட்டுவிட்டு வந்தேன்.