இரண்டு டிகிரி

ஓவுலு நகரம். ஜனவரி.
சூரியன் பத்தரைக்கு வந்து
இரண்டரைக்குக் கிளம்பிவிடும் மாதம்.
புகார் மையத்தில் எனக்கு மதிய ஷிஃப்ட்.

"உங்கள் பொம்மை கெட்டுப்போச்சு" என்றார்
தைஸ்தோ ரௌத்தியோ, வயது எண்பத்து நான்கு.
பிறகு பேசவில்லை.
ஃபின்லாந்தில் இது சகஜம். காத்திருந்தேன்.
அந்தப் பக்கம் ஒரு கெட்டில் கொதித்து அடங்கியது.

பனி உடைக்கும் கப்பலில்
முப்பத்தொரு வருடம் எஞ்சின் அறை.
அங்கே கத்தினாலும் கேட்காது,
பேசாமலிருக்கப் பழகிவிட்டார்.
தனியாக இருப்பவரிடம் பேச்சுக் கொடுக்க
நகராட்சி தந்தது அந்த ஒரு முழ ரோபோவை.
பதிவேட்டைத் திறந்தேன்:

நன்றாகத் தூங்கினீர்களா? பதில் இல்லை.
சின்ன வயதில் என்ன பிடிக்கும்? பதில் இல்லை.
பாட்டு போடட்டுமா?
துண்டு போட்டு மூடப்பட்டது.

நவம்பர் ஒன்பது, காலை ஏழு பத்து.
துண்டுக்கு உள்ளிருந்து
"வெளியே மைனஸ் பதினேழு."
"பத்தொன்பது" என்றார் அவர்.
முதல் சொல்.

அதற்கு விமான நிலையத்துக் கணக்கு.
இவருக்கு ஜன்னலுக்கு வெளியே
ஆணியில் தொங்கும் பாதரசக் குழாய்.
ஆற்றங்கரையில் குளிர் கொஞ்சம் கூடுதல்,
ஆக இரண்டுமே பொய்யில்லை.
துண்டு எடுக்கப்பட்டது.
தினமும் ஏழு பத்துக்குச் சண்டை.
"விமான நிலையத்திலா நான் குடியிருக்கிறேன்?"
பதிவேட்டில் அவருடைய மிக நீளமான வாக்கியம்.

"சரி, இப்போது என்ன கோளாறு?"

"ஒத்துக்கொள்கிறது."

செவ்வாய் இரவு நாங்கள் அனுப்பிய அப்டேட்.
பயனர் திருத்தினால் ஏற்றுக்கொள், நன்றி சொல்.
இருபத்தொன்பது என்று இவர் உறுமினால்
"நீங்கள் சொல்வதே சரி, தைஸ்தோ."
"ஆமாம் சாமி போடுகிறது" என்றார்.
"அதற்குமேல் நான் என்ன பேச?"

படிவத்தில் கோளாறுக்கு ஏழு கட்டம்:
ஒலி, மின்கலம், சக்கரம், இன்னும் என்னென்னவோ.
"மற்றவை"யில் தட்டினேன்:
பழையபடி தப்பாகச் சொல்ல வேண்டும்.
பொறியாளர் ஒரு சிரிப்புச் சின்னம் அனுப்பினார்.
புகார் மூடப்பட்டது.

மறுநாள் காலை, விதிப்படி தப்புதான்,
என் சொந்த போனில் அவரைக் கூப்பிட்டேன்.
என் வீட்டு ஜன்னலில் இருபத்தெட்டு.
"இருபத்தாறு" என்றேன்.

கெட்டில்.
நாற்காலி நகரும் சத்தம்,
திரைச்சீலை விலகும் சத்தம்.

"எட்டு" என்றார். வைத்துவிட்டார்.