கலப்பைத் தட்டு

ஒருதரம் லைற் அடித்தால் ஒன்று.
இரண்டுதரம் அடித்தால் இரண்டு.
நீட்டி அடித்தால், உறைப்பைக் குறை, பிள்ளைகள் இருக்கினம்.
இந்தச் சட்டமெல்லாம் அண்ணன் போட்டது.
பாதை திறந்த வருசம்
ஓமந்தைச் சோதனையில் அரைநாள் நின்று வருகிறவைக்கு
இறங்கி நடக்கக் கால் வராது என்று கண்டவன்.
மதகடியில் வெளிச்சம் தெரிந்ததும் நான் எண்ணிச் சொல்ல வேண்டும்;
வாகனம் முதிரை மரத்தடியில் வந்து நிற்கையில்
பணிஸ் அதன் யன்னலுக்குப் போயிருக்க வேண்டும்.
எனக்குப் பதினொரு வயது.
தட்டம் என் நெஞ்சளவு அகலம்.

அப்பா, உழவு மெசினின் கலப்பைத் தட்டொன்றை
மாங்குளத்தில் கொடுத்து
நடு ஓட்டையை ஒட்டுவித்துக் கொண்டுவந்தார்.
ஒட்டின இடம் தொப்புள் மாதிரிப் புடைத்து நின்றது.
தட்டோ குழிவு.
எந்தப் பக்கம் போட்டாலும்
எண்ணெயோடு வழுக்கி நடுவுக்கு வரும் கட்லட்.
அதனால் எங்கள் கட்லட் எல்லாவற்றிலும் ஒரு பள்ளம்,
அந்தப் பள்ளத்துக்குள் அம்மாவின் இடிசம்பல்.

கனகராயன்குளத்து யப்பான் மீன்.
முள்ளெடுத்து, மரவள்ளிக்கிழங்கோடு பிசைந்து,
வெட்டின முகம் கருகக் கருக வாட்டிய பணிசுக்குள்.
"கப்பலில வந்த மீனோ?" என்று
கேட்காத கொழும்பார் இல்லை.

அண்ணன் பலகையில் 'பேர்கர்' என்று எழுதினான்.
கனடாவால் வந்த ஒருத்தர்
வானுக்குள் இருந்தபடியே சிரித்தார்:
"இது பேர்கரே இல்லை, தங்கச்சி."
அடுப்படியிலிருந்து அம்மா:
"பின்னை ஏனாம் மூண்டாவது கேக்கிறார்?"

கடை பூட்டின நாள் என்று சொல்ல ஏலாது,
கதவையும் கழற்றி ரைக்டரில் ஏற்றிவிட்டோம்.
தட்டுக் கனம்.
பின்வளவுப் பாலையின் கீழ் அண்ணன் கிடங்கு வெட்டி
யூரியாப் பையால் சுற்றித் தாட்டான்.
"வந்து எடுப்பம்."

வந்தோம்.

வளவைச் சுற்றி மஞ்சள் நாடா, சிவப்புத் தடிகள்.
மிதிவெடி எடுக்கும் பிறேமினி
முகக் கண்ணாடியை உயர்த்தி,
"பின்னுக்கு ஒண்டு கிடக்கு, பெரிசாக் கத்துது" என்றாள்.
"அது எங்கட அடுப்புத் தட்டு."
"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்."
முழந்தாளில் இருந்து சுரண்டத் தொடங்கினாள்.
எட்டு மணியிலிருந்து மத்தியான விசில் வரைக்கும்
விரல் விரலாக மண் விலகியது.
நாடாவுக்கு இப்பால் நின்று அம்மா கத்தினா:
"பிள்ளை, மெல்ல!
ஆறு வருச எண்ணெய் குடிச்ச முகம், கீறிப்போடாதை."
தட்டு வெளியே வந்ததும்
அப்பா தொப்புளைத் தடவிப் பார்த்தார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

முதல் சூடு அவர்களுக்குத்தான் போனது,
பதினான்கு பேர்.
பிறேமினியின் பேரில் ஆறு பணிஸ்
கடன் கொப்பியில் இன்னும் கிடக்கு.

இப்போது பாதை கண்ணாடி.
எங்களைக் காண முன்னமே கடந்து போகின்றன வாகனங்கள்.
தங்கச்சி எண்ணுகிறாள், நான் சுடுகிறேன்.
ஆனால் லைற்றுக்கு இப்ப வேறு கருத்து:
வளைவில் பொலிஸ் நிக்குது, மெல்லப் போ.
எதிரே வருகிறவனுக்கு இவன் சொல்வது.
அதை விளங்கிக்கொள்ள
எத்தனை பணிசைத் தின்றது எங்கள் நாய்!

நேற்றிரவு மதகடியில் ஐந்து தரம்.
"பொலிசாத்தான் இருக்கும்" என்றாள் தங்கச்சி.
என்றாலும் கை கேட்கவில்லை. ஐந்து போட்டேன்.
லொறி வந்தது,
முதிரையைத் தாண்டிப் போனது.

அப்பா, அம்மா, தங்கச்சி, நான்.
நின்றபடியே தின்றோம்.
உறைப்புச் சரி, உப்பு ஒரு கிள்ளுக் கூட.
ஐந்தாவதை அம்மா
கரண்டியால் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினா.
அது வழுக்கி
நடுவுக்கு வந்தது.