பதினான்கு – பதினொன்று

விசில் ஊதிவிட்டேன்.
ஊதினால் எட்டு நொடிக்குள் சர்வீஸ் போட்டாக வேண்டும்.
பந்து சீனிக்கனியின் இடது உள்ளங்கையில்.
மூன்றாவது செட், பதினான்கு – பதினொன்று,
கோயில்வாடிக்கு இன்னும் ஒரே புள்ளி.
அப்போதுதான் ஜீப்.

"ஒரு பாயிண்டுதான் சார்" என்றார் பொருளாளர் இன்னாசி.
சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்,
வியர்வைக்கா மரியாதைக்கா தெரியவில்லை.
"நாடே துக்கத்துல இருக்கு.
ஒண்ணுன்னா என்ன, நூறுன்னா என்ன?"
இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஜெனரேட்டரை நிறுத்தினார்கள்.
நின்றபிறகுதான் தெரிந்தது
கடல் அவ்வளவு பக்கத்தில் இருந்தது.
சோளியாகுடிப் பையன்கள் பத்துப் பேரும்
ஆக்கிவைத்த சோற்றை இருட்டில் தின்றார்கள்.
ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை,
பசி மட்டும் இருந்தது.
கேப்டன் பூமிநாதன் கைகழுவிக்கொண்டே
"கணக்கு அப்படியே இருக்கட்டும் மாஸ்டர்" என்றான்,
டீக்கடை பாக்கியைச் சொல்வதுபோல.

ஒத்திவைப்பு என்று எழுதி ஒட்டச் சொன்னார்கள்.
எந்தத் தேதிக்கு?
விசைப்படகுத் தடைக்காலம் முடிய நாலு நாள்.
துக்கம் ஏழு நாள்.
ஐந்தாம் நாள் விடிந்தால்
ஆட்டக்காரன் ஒருவனும் தரையில் இருக்கமாட்டான்.
ஜீப்பில் வந்தவரிடம் இந்தக் கழித்தலைச் சொல்லவில்லை.
செத்தவரிடம் பேரம் பேசுகிறோம் என்று நினைத்திருப்பார்.
பேசத்தான் செய்தோம், உள்ளுக்குள்.

மாசியில் ரொமால்டு கடலோடு போனபோது
உத்தரவு என்று எதுவும் வரவில்லை.
காலையில் போய்ப் பார்த்தால் கம்பங்களுக்கு நடுவே வலை இல்லை.
யார் அவிழ்த்தது என்று கேட்கவும் தோன்றவில்லை.
மீன்துறை ஆபீஸ் கொடி அன்றைக்கும் உச்சியில்தான்.
வாடை ஓயாத மாதம், நன்றாகப் பறந்தது.
பத்தாம் நாள் சாயங்காலம் அவன் பெண்சாதி அமலி
மைதானத்து ஓரமாய் வந்து நின்றாள்.
"பந்துச் சத்தம் இல்லாம ராத்திரியில
கடல் மட்டுந்தான் கேக்குது.
ஆடுங்களேன்."
ஆடினோம்.
இவ்வளவு மோசமாக நாங்கள் ஆடியதே இல்லை,
ஒருவனும் ஓங்கி அடிக்கவில்லை.

அதனால்,
ஆடினால் அவமரியாதை என்ற கட்சியிலும்
ஆடாமல் இருப்பது வேஷம் என்ற கட்சியிலும்
என்னால் சேர முடியவில்லை.
கமிட்டிக் கூட்டத்தில் இரண்டு பேருமே முறைத்தார்கள்.

இறந்தவருக்கு நான் ஓட்டுப் போட்டதில்லை.
ராத்திரி பதினொன்றரைக்கு டிவியில்
பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி, பேத்தியாம்,
ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றாள்.
மற்றதன் வாரை நெரிசலில் எவனோ மிதித்திருக்க வேண்டும்.
சட்டென்று தொண்டை அடைத்துக்கொண்டது.
உத்தரவு வந்து நாலு மணி நேரம் கழித்து
வந்துசேர்ந்தது என் துக்கம்.
அரைமணி நேரம் இருந்தது.
மீதி ஏழு நாளைக் கொடிக்கம்பம் பார்த்துக்கொண்டது.

பதினைந்தாம் தேதி படகுகள் கிளம்பின.
ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த சீனிக்கனி
என்னைப் பார்த்ததும் இடது கையை விரித்துக் காட்டினான்,
பந்து அதிலேயே இருப்பதுபோல.

பதினேழாம் தேதி கொடி மேலே ஏறியது.
மைதானத்தில் நாலைந்து ஆடுகள்,
கரும்பலகையில் சாக்பீஸ் எழுத்து.
மழை இல்லாத ஜில்லா, எளிதில் அழியாது.

பந்து என் கட்டிலுக்கடியில் கிடக்கிறது.
நாளுக்குக் கொஞ்சமாகக் காற்று இறங்குகிறது.
ஏப்ரல் பதினைந்து மறுபடி வரும்.
சீனிக்கனி வரவேண்டும்,
பூமிநாதனும் பத்துப் பேரும் வரவேண்டும்,
ஒரு தலை குறையாமல்.
எட்டு நொடியில் மூன்று போயிருக்கும் என்று நினைக்கிறேன்.
மீதி ஐந்தையும் விசிலோடு சேர்த்துச்
சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.