நூற்றுப் பத்து ஜோடி சாக்ஸ்

காலில் அதிகம் படாத பந்துக்குக்
கால்பந்து என்று பெயர் வைத்த நாடு இது.
பெயருக்கும் ஆளுக்கும் பொருத்தம் வேண்டுமென்று
இங்கே யாரும் அடம்பிடிப்பதில்லை.

அதனால்தானோ என்னவோ
லமார்கஸ் டீக் என்ற பெயருக்குப் பக்கத்தில்
'தலைக்கனம், சோம்பல், எதிர்த்துப் பேசுபவன்' என்று
தம் பெயரைச் சொல்லாத மூன்று பேர் சொன்னதும்
கான்சாஸ் முழுக்கக் காலைக் காப்பியோடு சேர்த்து
அதையும் குடித்து முடித்தது.
பெரிய அணிகள் ஆளெடுக்க
இன்னும் ஒன்பது நாள்.

கோச் ஹாஸ்கெட் மேடைக்கு வந்தார்.
மூக்கில் சளி, கையில் கசங்கிய தாள்.
அவர்கள் வந்திருந்தது
வேறு யாருடைய முழங்காலைப் பற்றியோ கேட்க.
அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
"எழுபத்தொன்றாம் நம்பரைப் பற்றிப் பேசப்போகிறேன்.
அவன் இப்போது என் ஆட்டக்காரன் இல்லை.
அவனால் எனக்கு இனி ஒரு வெற்றியும் வரப்போவதில்லை.
அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் நம்பலாம்."

நான் இதைச் சலவை அறையின் சின்னத் திரையில் பார்த்தேன்.
டிரையர் இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது.

ஒருவர் எழுந்தார்.
"மூன்றாம் வருஷம் அவனை
இரண்டு ஆட்டம் வெளியே உட்கார வைத்தது யார்?"
"நான்தான்."
"ஏன்?"
கோச் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறந்தார், மூடினார்.
"நான் கத்தினேன். அவன் திருப்பிக் கத்தினான்.
அவன் சொன்னதுதான் சரி.
உட்கார்ந்திருக்க வேண்டியவன் நான்.
பேனா என் கையில் இருந்தது, அவ்வளவுதான்."

யாரோ இருமினார்கள்.
பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.
"அவன் குணத்தை என்னிடம் கேட்காதீர்கள்.
கீழே போய் ரோவீனாவிடம் கேளுங்கள்.
நாலு வருஷம் அவன் துணியைத் துவைத்தவள்."

பத்தொன்பது வருஷத்தில்
என் பெயர் ஒரு மைக்கில் விழுந்தது அன்றைக்குத்தான்.
அதையும் தப்பாகவே உச்சரித்தார்.

நூற்றுப் பத்துப் பேர்.
நூற்றுப் பத்து ஜோடி சாக்ஸ்.
சேறும் ரத்தமும் பிளாஸ்திரிப் பசையுமாக
உட்புறம் வெளியே பிதுங்கிச் சுருண்டு வரும்.
ஒவ்வொன்றிலும் கையைவிட்டுத் திருப்ப வேண்டும்,
செத்த எலிக்குள் கைவிடுவது போல.
எழுபத்தொன்று மட்டும் நேராக வரும்.
தோற்ற நாளிலும் நேராக வரும்.
மணிக்கட்டு முறிந்த நாளில் ஒற்றைக் கையால்
திருப்பப் பார்த்திருக்கிறான்.
ஒன்று சரியாக வந்தது,
இன்னொன்று குதிகாலோடு நின்றிருந்தது.

நான் நன்றி சொன்னதில்லை.
அவனும் என் முகத்தைப் பார்த்து நின்றதில்லை.
நாலு வருஷத்தில் எங்களுக்குள்
இருபது வார்த்தை இருந்தால் அதிகம்.

ஒரு சின்னப் பெண் படியிறங்கி ஓடிவந்தாள்,
பின்னாலேயே கேமரா.
"நீங்கள்தானே அது?"
சாக்ஸ் கதையைச் சொன்னேன்.
இருபது வினாடிக்குக் கச்சிதமாக இருந்திருக்க வேண்டும்,
அவள் முகம் மலர்ந்தது.
"வேறு ஏதாவது?" என்றாள்.

என் முதுகுக்குப் பின்னால் மூன்றாம் டிரையர்.
அதன் கதவில் தட்டளவு பள்ளம்.
நவம்பரில் ஒரே புள்ளியில் தோற்ற இரவு
அவன் உதைத்தது.
அந்தக் கால்பந்தில் அவன் கால் பட்டது
அந்த ஒரு தடவைதான்.
மறுநாள் விடிவதற்கு முன்னால்
ரப்பர் சுத்தியலோடு வந்து நிமிர்த்தப் பார்த்தான்,
இன்னும் கோணலாக்கிவிட்டுப் போனான்.
இன்றைக்கும் இடுப்பால் ஒரு இடி இடித்தால்தான்
அந்தக் கதவு மூடும்.

உதையைக் காட்டுவார்கள்.
சுத்தியலை வெட்டிவிடுவார்கள்.

"இல்லை" என்றேன்.
பள்ளத்தின்மேல் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.
முதுகு சுட்டது.
உள்ளே யாருடைய துணிகளோ
சுற்றிச் சுற்றி விழுந்துகொண்டிருந்தன.