புள்ளி

சனிக்கிழமை எனக்கு மேசை வேலை.
பதினாலு வயதுக்கு உட்பட்ட பெண்கள்.
வெள்ளவத்தையில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம்,
கடல் உப்பில் வளையங்கள் துருவேறிய மைதானம்.
கிழமை நாளில் செட்டியார் தெருவில்
நகைக்கடைக் கணக்கு எழுதுகிறேன்.
சனியில் பிள்ளைகளின் கணக்கு.
சம்பளம் ஒரு சோற்றுப் பார்சல், பஸ் காசு.

முதலாம், மூன்றாம் பகுதிக்குச் சிவப்புப் பேனை,
மற்றதுக்கு நீலம்.
ஆட்டத்தின் நடுவே பந்து விழுந்தால் சாய்கோடு.
தவறுக்காக நிறுத்தி, எறியவிட்டு, அது விழுந்தால்
ஒரு புள்ளி.

கொட்டாஞ்சேனை நாற்பத்தொன்று, தெகிவளை நாற்பது.
மணி அடித்தாயிற்று.
வென்ற பிள்ளைகள் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து கிடக்க
யாரோ ஒரு தகப்பன் றோல்ஸ் பெட்டியைத் திறந்துவிட்டார்.
தெகிவளை ஒன்பதாம் இலக்கம், செனுரி,
லேஸை அவிழ்க்காமலே சப்பாத்தை இழுத்துக் கழற்றுகிறாள்.

நடுவர் ஓர்வில் பேனை மூடியைப் பல்லால் கழற்றினார்.
அவர் கையெழுத்து விழுந்தால் விழுந்ததுதான்.
பிறகு கடவுளே வந்தாலும் வாசலோடு திரும்பவேண்டும்.

மேல்தாளைத் தூக்கிப் பார்த்தேன்.
ஏன்? கணக்கன் பழக்கம்.
வெள்ளைத் தாளில் இருபத்தேழு வெறுமை.
கீழே ரோஸ் பிரதியில் இருபத்தேழின் மேல்
கார்பன் பதித்த ஒரு புள்ளி.

நினைவு வந்தது. மூன்றாம் பகுதி.
மருதானைப் பக்கம் போகும் ரயில் கத்துகிறது,
செனுரியின் இரண்டாவது எறிகை வலைக்குள் சறுக்குகிறது,
நான் அழுத்துகிறேன். பேனை வறண்டிருக்கிறது.
உதறி, ஊதி, பக்கத்துப் பிள்ளையிடம் வேறு வாங்குவதற்குள்
பந்து மறுமுனை போய்விட்டது.
இலக்கப் பலகை பிரட்டும் பொடியன்
என் தாளைப் பார்த்துத்தான் பிரட்டுவான்.
தெகிவளைக் கோச் அந்த நேரம்
ஒருத்தியின் முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார்.
மை இல்லாத ஒரு குழி மட்டும்
தாளில், ஊசி போட்ட இடம் போல.

உடனே சொன்னேன் என்று எழுத ஆசைதான்.
சொல்லவில்லை.
நானும் கொட்டாஞ்சேனை.
கப்பைத் தூக்கப்போகும் ஷெரீனா எங்கள் மாடியில் மேல்வீடு.
அவள் பந்து தட்டும் சத்தத்தில்தான்
மூன்று மாதமாக எனக்கு இரவுத் தூக்கம்.
வறண்ட பேனையை யார் விசாரிப்பார்?
பிரதியை யார் உற்றுப் பார்ப்பார்?
மேலே ஒரு புள்ளி விட்டுப்போனால்
மெய், மெய்யாக இராது.
எழுத்துப் படித்த காலத்தில் இது வெறும் இலக்கணம்.

"ஓர்வில், ஒருக்கா பொறுங்கோ."

இரண்டு தாளையும் வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்.
பேனையை மூடினார்.
"நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று. மேலதிகம் ஐந்து நிமிடம்."

சிங்களத்தில் ஒரு ஏச்சு, தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று.
மூன்றும் எனக்கு விளங்கும், அதுதான் கொழும்பில் கஷ்டம்.
"நீ எங்கட ஆள்தானேடா" என்றார் றோல்ஸ் தகப்பன்.
அது ஏச்சு இல்லை. அதுதான் அதிகம் சுட்டது.

ஷெரீனா என்னைப் பார்க்கவில்லை.
பாதி கடித்த றோலை டிஷ்யூவில் சுற்றி
வாங்கின் கீழே, எறும்பு ஏறாத இடம் தேடி வைத்தாள்.
செனுரி ஒற்றைச் சப்பாத்தோடு நொண்டி வந்தாள்.
நன்றி சொல்லப்போகிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
டொய்லெட் போக நேரம் இருக்கா என்று கேட்டாள்.
இரண்டு நிமிடம் என்றேன். அதுவும் விதிதான்.
ஓடினாள்.

கடலுக்கு மேல் மழை கறுத்து நின்றது.
மேலதிகத்துக்கும் நாலாம் பகுதியின் நிறம், நீலம்.
எழுதுமுன்
உள்ளங்கையில் கீறிப் பார்த்தேன்.