இடைவெளிகள் உட்பட

முகத்துவாரத்தில், களனி கடலோடு கலக்கிற இடத்தில்
விடிய ஐந்தே காலுக்கு
மரிசலின் வள்ளத்தை நிறுத்துவார்.
நான் குனிந்து போத்தலை நிரப்புவேன்.
கே-ஏழு, திகதி, உப்பு, வெப்பம்.

"பெல்ஜியத்துக்காரனுக்கு எங்கட ஊத்தைத் தண்ணி என்னத்துக்கு மிஸ்?"
ஆறு வருடமாக ஒரே கேள்வி.
"மருந்துக்குச் சாகாத கிருமி இதுக்குள்ள இருக்கு."
தலையாட்டுவார்.
அதே தண்ணீரில் கால் கழுவுவார்.

பொரளையில் ஆய்வுகூடம். மைனஸ் எண்பதில்
நானூற்றுப் பன்னிரண்டு குப்பிகள்.
கரண்ட் போனால் இஷங்கா டீசல் கேனோடு
மூன்று மாடி ஓடுவாள்.
பற்றுச்சீட்டைப் பத்திரமாக ஒட்டி வைப்பாள்,
ஒவ்வொரு லீற்றரும் பிரசெல்ஸில் யூரோவாகும் என்பதால்.

இந்த ஓகஸ்டில் புதிய படிவம்.
அடுத்த ஏழு வருடத்துப் பணம் அங்கே
இன்னும் பங்கு பிரிபடவில்லை.
பீரங்கிக்கு எவ்வளவு, பற்றரிக்கு எவ்வளவு,
மிச்சத்தில் அறிவியலுக்கு எவ்வளவு என்று
மேசையைச் சுற்றி இருபத்தேழு நாடுகள்.
வழிகாட்டியில் 'போட்டித்திறன்' பதினொரு இடத்தில்.
நதி என்ற சொல்லைத் தேடினேன். இல்லை.

பகுதி நான்கு, கேள்வி இரண்டு:
இதனால் ஐரோப்பியக் குடிமக்களுக்கு என்ன நன்மை?
இரண்டாயிரம் எழுத்துக்குள். இடைவெளிகள் உட்பட.

முதலில் தமிழில் எழுதிப் பார்ப்பது என் பழக்கம்.
கொழும்பு எனக்கு நான்கு எழுத்து,
கணினிக்கு எட்டு.
சுழியையும் புள்ளியையும் தனித்தனியாகப் பிடித்து எண்ணுகிறது.
எங்கள் ஊருக்கு இரட்டிப்பு இடம் கிடைத்தது
எனக்குத் தெரிந்து இங்கே மட்டும்தான்.

லீவ என்றொரு பெண் எங்கள் திட்ட அலுவலர்.
நல்லவள், போன தவணையில் எங்களுக்காக வாதாடியவள்.
மூன்றாம் நாடுகளுக்கு இனியும் இடமுண்டா என்று கேட்டேன்.
தானியங்கிப் பதில் வந்தது:
லீவ லீவில். செப்டெம்பர் ஒன்றுவரை.
தமிழ் தெரியாத இஷங்காவும் சிரித்து
பிப்பெட்டைக் கீழே வைத்தாள்.

அவர்களின் ஐந்து மணி எங்கள் எட்டரை.
இப்போது எட்டு பத்து.
நன்மை என்று என்ன எழுத?
விமானத்தில் அருகில் அமர்ந்து இருமுகிற ஒருவனை எழுதலாம்.
போன முறை அவனைத்தான் எழுதினேன்.
பயத்துக்குப் பணம் உண்டு.

மரிசலினின் கணுக்காலில் மார்கழியிலிருந்து ஆறாத புண்.
பஞ்சில் ஒற்றி எடுத்துத் தட்டில் வளர்த்தேன்.
ஐந்து மருந்து வில்லைகளையும் சுற்றி
பச்சையாய்ப் படர்ந்தது. கே-ஏழேதான்.
அவர் எந்த ஐரோப்பாவின் குடிமகனும் அல்ல.

எட்டு இருபத்தெட்டு.
இருமுகிறவனைத்தான் மறுபடியும் ஏற்றினேன்,
வேறு விமானத்தில், வேறு இருக்கையில்.
மீதம் பத்தொன்பது எழுத்து.
அவருடைய பெயரைத் தட்டினேன். போதுமான இடம் இருந்தது.
நோயாளர் பெயர் விதிப்படி ஆகாது.
அழித்துவிட்டு
இடைவெளிப் பட்டையை அமுக்கிப் பிடித்தேன்,
சுழியம் வரும்வரை.

அனுப்பினேனா என்று பார்ப்பதற்குள்
விளக்கு அணைந்தது.
இஷங்கா ஏற்கெனவே படியில்.