நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர்

நாற்பதாவது கிலோமீட்டரில்
என் சுண்டுவிரல் காணாமல் போகும்.
முதலில் வலிக்கும்,
பிறகு எரியும்,
பிறகு அங்கே யாருமே இருக்கமாட்டார்கள்.

ரோன்சே ஊர் ரொட்டிக் கடையில்
இரவு இரண்டு மணியிலிருந்து நிற்கிற கால்கள் இவை.
பதினெட்டு வருடம் மாவைத் தட்டித் தட்டி
நானும் கொஞ்சம் தட்டையாகிவிட்டேன்.
இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது
இன்னும் அரை விரற்கடை அகலம் கூடிற்று.
பிள்ளை ஆன்ட்வெர்ப்புக்குப் போய்விட்டான்.
அகலம் என்னோடு இருக்கிறது.

சைக்கிள் கடை வான்னெஸ் நல்ல மனிதர்.
நாற்பத்தொன்று இறுக்குகிறது என்றால்
நாற்பத்திரண்டு எடுத்துத் தருவார்.
அதுவும் இறுக்கினால் நாற்பத்து மூன்று.
நீளம் வளர்ந்துகொண்டே போனது:
முன்னால் விரல்களுக்கு ஒரு காலி அறை,
பின்னால் குதிகால்
கிணற்று வாளி மாதிரி ஏறி இறங்கும்,
நடுவில் மட்டும் அதே இடுக்கி.
"தோல் பழகிக்கொள்ளும், மக்டெல்ட்."
எந்தத் தோல் என்று நான் கேட்கவில்லை.

கேட்காமலே மூன்று குளிர்காலம் ஓட்டினேன்.

கோப்பன்பெர்க் ஏற்றத்தில்
கல்லெல்லாம் சேறும் இலையுமாய் இருந்த ஒரு ஞாயிறு
பின்சக்கரம் வழுக்கியது.
குதிகாலை வெளியே திருகினால்
கிளிப் விடுபடும். எல்லோருக்கும் தெரியும்.
எனக்கும் தெரியும்.
மரத்துப்போன காலுக்குத்தான் தெரியவில்லை.
நின்ற இடத்திலேயே சாய்ந்தேன்,
அவசரமே இல்லாமல்,
அலமாரி சாய்கிற மாதிரி.

நாயோடு நடந்து வந்த ஒரு பெண்
என் காலைப் பெடலிலிருந்து கழற்றிவிட்டார்.
பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.
ஷூவை உருவி, காலுறையை உருவி
ஈரக் கல்லின் மேல் வெறும் பாதத்தை வைத்தேன்.
ஒவ்வொரு விரலாகத் திரும்பி வந்தது.
சுண்டுவிரல் கடைசி,
ஊசி ஊசியாய், கோபமாய்.

மறுநாள் வேலை முடிந்ததும்,
கால் நன்றாக வீங்கியிருக்கும் நேரம் பார்த்து,
ரொட்டி சுடும் காகிதத்தைத் தரையில் விரித்தேன்.
லீவன் மண்டியிட்டான்.
"பென்சிலைச் சாய்க்காதே."
"நீ சிரிக்காமல் நில்."
வலது நூற்றொன்பது.
இடது நூற்றுப் பன்னிரண்டு.
ஒட்டிப் பிறந்ததுகள், ஆனால் ஒத்துப் போகாததுகள்.

வான்னெஸின் மேசையில்
காகிதப் பாதத்தை விரித்து
நாற்பத்து மூன்றின் உள்ளட்டையை உருவி
அதன்மேல் வைத்தேன்.
இரண்டு பக்கமும் நான் வழிந்திருந்தேன்,
அச்சுக்கு அதிகமாய் ஊற்றிய மாவு மாதிரி.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.
"இத்தனை வருடமா?"
காலுக்குச் செருப்பா, செருப்புக்குக் காலா
என்று நானும் அப்போதுதான் கேட்டேன்,
கொஞ்சம் சத்தமாகவே.

மாடியிலிருந்து ஒரு பெட்டியைத் தேடி இறக்கினார்:
அகல அச்சு, நாற்பத்தொன்று,
இரண்டு பட்டை, கடுகு நிறம்.
யாரும் வாங்காததால் பாதி விலை.
கூடவே ஒரு ஜோடி தட்டைப் பெடல்,
என் உள்ளங்கையைவிட அகலம்,
முகமெல்லாம் சின்னச் சின்ன முள்.
கால் உட்புறம் கிராங்கில் உரசாதிருக்க
இரு பக்கமும் ஒரு வளையம் சேர்த்து முடுக்கினார்.
வளையத்துக்குக் காசு வாங்கவில்லை.

"சின்னப் பிள்ளைகள் பெடல்" என்றாள் ஹெட்விக்.
அவள் கால் மீன் மாதிரி ஒல்லி,
சொல்லிவிட்டுப் போகட்டும்.
அவள் சொன்னதில் கொஞ்சம் நியாயமும் உண்டு.
வேகமெடுத்து மிதிக்கும்போது பாதம் நழுவுகிறது.
முள் கிழித்த நான்கு கோடுகள்
கெண்டைக்காலுக்கு முன்னால், வரிசையாய்.
கோப்பன்பெர்க்கில் பாதியில் இறங்கி நடந்தேன்.
கடுகு நிறத்தில் சேறு நன்றாகத் தெரிகிறது.

ஆனால் இறங்க நினைத்தேன், இறங்கினேன்.

பிறகு ஷெல்ட் ஆற்றங்கரைச் சமதரையில்,
எதிர்க்காற்றில்,
முப்பத்தொன்பது.
நாற்பது.
பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.
நாற்பத்தொன்று.
சுண்டுவிரலைக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

என்ன, என்றது.